37/500 என்று எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில், ஓவியர்கள் கையெழுத்திட்ட அச்சுப் படங்களை வாங்கிச் சேர்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மாதச் சம்பளக்காரரும் நல்ல ஓவியர் ஒருவரின் படைப்பை வீட்டில் மாட்டலாம் என்று சொன்னதற்கு நன்றி. தமிழில் இதையெல்லாம் எழுத ஆள் குறைவு. ஆனால் கட்டுரையின் நடுவில் ஓர் அறிவுரை இருந்தது: ஒரு படத்துக்கு எடுத்த படிகளின், அதாவது அச்சுப் பிரதிகளின், எண்ணிக்கை குறையக் குறைய மதிப்பு கூடும், ஆகவே பென்சிலில் எண்ணும் கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். (37/500 என்றால் ஐந்நூறு படிகளில் முப்பத்தேழாவது என்று அர்த்தம்.) இதை மட்டும் நம்பிக் கடைக்குப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார். அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம். இடமில்லை என்றால் வெட்டுங்கள். ஹெச்.எஸ்.என். எண், அதாவது வரிக்காகச் சரக்கை வகை பிரித்துப் பில்லில் போடும் எண், பற்றி எழுதியிருக்கும் பகுதியை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

நான் சிவகாசிக்காரன். ஆப்செட் அச்சகத்தில் மெஷினில் ஆரம்பித்து, தயாரிப்பு மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவன். தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டி, காலண்டர், டைரி, நோட்டு அட்டை என்று மை பட்ட காகிதத்தோடுதான் வாழ்க்கை போயிற்று. எனக்கு முன்னால் என் பெரியப்பா கல் அச்சில் வேலை பார்த்தார். ஜெர்மனியின் பவேரியாப் பகுதியிலிருந்து வந்த சுண்ணாம்புக் கல். ஒரு லேபிள் ஓடி முடிந்ததும் மணலும் தண்ணீரும் போட்டுக் கல்லைத் தேய்த்துப் பழைய படத்தை அழித்துவிட்டு, அடுத்ததை ஏற்றுவார்கள். 1790-களின் கடைசியில் செனஃபெல்டர் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த முறை அது. கொழுப்பு மசியால் வரைந்த இடம் மையைப் பிடித்துக்கொள்ளும், ஈரமான இடம் தள்ளிவிடும். இன்றைய ஆப்செட் மெஷினும் அதே விதியில்தான் ஓடுகிறது. காட்சிக்கூடத்தில் லித்தோகிராஃப் என்று கண்ணாடிக்குள் தொங்குவதும் எங்கள் ஊர்ப் பட்டாசு லேபிளும் பிறந்தது ஒரே இடத்தில்.

வேலை விஷயமாகச் சென்னைக்குப் போகும்போதெல்லாம் கிரீம்ஸ் சாலையில் இருக்கும் லலித் கலா அகாடமிக்குள் நுழைந்துவிடுவேன். முதலில் வெயிலுக்கு ஒதுங்கத்தான் போனேன், பொய் சொல்வானேன். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. அங்கே பேசிக்கொண்டிருந்த ஓவியர்கள் மூலம்தான் கிருஷ்ணா ரெட்டி என்ற அச்சோவியர் செய்த காரியம் எனக்குத் தெரிய வந்தது. சித்தூர்ப் பக்கம் 1925-இல் பிறந்தவர். சாந்திநிகேதனில் படித்து, 1940-களின் இறுதியில் சென்னைக் கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவைக் கவனித்துவிட்டு, லண்டன் வழியாகப் பாரிஸ் போனார். அங்கே ஹெய்ட்டர் நடத்திய அட்டெலியே 17 என்ற பட்டறையில் சேர்ந்தார். ஒரே தகட்டில் பல வண்ணங்களையும் ஏற்றி ஒரே தடவையில் அச்செடுக்கும் முறையை அங்கே இருந்தவர்கள் உருவாக்கினார்கள். அதை முழுமையாக்கியதில் ரெட்டிக்குப் பெரிய பங்கு.

இதைக் கேட்டதும் எனக்கு ஏன் தூக்கிவாரிப்போட்டது என்று அச்சகத்துக்காரர்களுக்குப் புரியும். எங்களுக்கு நாலு வண்ணம் என்றால் நாலு பிளேட். நாலும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். மழைக்காலத்தில் காகிதம் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் விரிந்துவிட்டால் ரெஜிஸ்டர் என்கிற அந்தப் பொருத்தம் விலகி, முருகனுக்கு இரண்டு உதடு வந்துவிடும். அந்தப் பிழைப்பே வேண்டாம் என்று அந்த மனிதர் ஒரே தகட்டை வெவ்வேறு ஆழத்தில் செதுக்கினார். ஒரு மையில் எண்ணெய் அதிகம், இன்னொன்றில் குறைவு. கெட்டியான ரோலர் மேட்டை மட்டும் தொட்டுவிட்டுப் போகும், மெத்தென்ற ரோலர் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். எண்ணெய் கூடிய மை, குறைந்த மையைத் தன்மேல் ஒட்டவிடாது. தகட்டை இப்படித் தயார் செய்து, ஈரக் காகிதத்தை மேலே போட்டு, பிரஸ்ஸுக்குள் ஒரே தடவை விட்டால் அத்தனை நிறமும் வந்துவிடும். ஒவ்வொரு படிக்கும் தகட்டுக்குப் புதிதாக மை ஏற்றியாக வேண்டும். மெஷின் ஓட்டிப் பிழைத்தவனுக்கு அது எத்தனை உழைப்பு என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் சொல்ல வருவதும் இதுதான். அவர் எங்கேயோ ஓவியம் வரைந்து அதை அச்சடிக்கக் கொடுக்கவில்லை. தகட்டில் நடந்த வேலைதான் படைப்பு. அச்செடுக்கும்வரை அந்தப் படம் உலகத்தில் வேறெங்கும் இல்லை. எட்சிங் (அமிலத்தால் அரித்த உலோகத் தகட்டில் எடுப்பது), மரச்செதுக்கு, லினோகட் (லினோலியம் விரிப்பில் செதுக்கி எடுப்பது), கல் அச்சு, கையால் வெட்டிய ஸ்டென்சிலில் எடுத்த ஸ்கிரீன் பிரிண்ட் எல்லாமே இந்த வகை. படி இருபத்தைந்து என்றால், இருபத்தைந்து வீட்டில் இருப்பதும் மூலப் படைப்புதான். ஓவியர் ஜரினா ஹாஷ்மி 1999-இல் செய்த, வீடு என்ற நினைவைச் சுற்றிய 36 மரச்செதுக்குகள் கொண்ட தொகுப்பு அப்படி 25 படிகள் எடுக்கப்பட்டது. ஒன்று நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்று யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் தொங்கினால், அது மெட்டில் இருப்பதற்கு நகல் ஆகிவிடாது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. எண்ணெய் வண்ண ஓவியத்தைப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நல்ல பருத்திக் காகிதத்தில் இங்க்ஜெட்டில் அடித்து, ஓவியரிடம் கையெழுத்து வாங்கி, கீழே பென்சிலில் எண் போட்டு விற்பது. உங்கள் கட்டுரை இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிட்டது.

என் தங்கை மகன் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறான். புது ஃபிளாட்டுக்கு என்று ஒரு படம் வாங்கி, தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது குழாய்க்குள் சுருட்டிக் கொண்டுவந்தான். "மாமா, அம்பதாயிரம் சொன்னாங்க. பேசி முப்பத்தஞ்சுக்கு முடிச்சேன். எப்படி இருக்கு பாருங்க" என்றான். நல்ல படம்தான். பெயர் தெரிந்த ஓவியர். கீழே இடது ஓரம் 37/500, வலது ஓரம் கையெழுத்து. பென்சில் நிஜம், சாய்த்துப் பார்த்தால் காகிதத்தில் அழுந்திய தடம் தெரிந்தது. மேஜை டிராயரிலிருந்து என் பழைய லூப்பை எடுத்தேன். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ், அச்சகத்தில் புள்ளி பார்ப்பதற்கு வைத்திருப்போமே, அதுதான். வைத்துப் பார்த்தால் படம் முழுக்கப் பொடிப் பொடியாய் வண்ணத் தூறல். பிரஷ் இழுத்த கோடு கண்ணுக்கு மேடாகத் தெரிகிறது, விரலால் தடவினால் வழவழவென்று சமமாக இருக்கிறது. இங்க்ஜெட்.

"மாப்ள, இது படத்தோட போட்டோப்பா" என்றேன். அவன் நம்பவில்லை. கடைக்காரருக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். மரியாதையான பேச்சுத்தான். மியூசியம் தரம், நூறு வருஷம் நிறம் போகாது, லிமிடெட் எடிஷன், சான்றிதழ் கொடுத்திருக்கிறோமே என்றார். "தம்பி, தகடு எதுல செஞ்சது? செம்பா, துத்தநாகமா?" என்று கேட்டேன். "தகடுன்னா, சார்?" என்றார். அதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை.

சான்றிதழை எடுத்துப் படித்தோம். ஓவியர் பெயர், தலைப்பு, அளவு, எண், ஹோலோகிராம் ஸ்டிக்கர் எல்லாம் இருக்கிறது. எப்படி அச்சடித்தது என்ற ஒன்று மட்டும் இல்லை. மூலப் படைப்பு என்ற பொருளில் ஒரு வரி தங்க எழுத்தில் இருந்தது. அப்புறம் பில்லைக் கேட்டேன். அதில் ஹெச்.எஸ்.என். என்ற கட்டத்துக்குக் கீழே 4911 என்று இருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாங்கள் காலம் முழுக்கப் போட்ட அத்தியாயம் அல்லவா அது! சுங்கப் பட்டியலின் 49-ஆம் அத்தியாயம் அச்சகச் சரக்குக்கு உரியது. அதில் 4911 என்பது அச்சிட்ட படங்களையும் சேர்த்த தலைப்பு. ஓவியர் தகட்டில் செய்த மூல அச்சுக்கு இருப்பது 97-ஆம் அத்தியாயத்தில், 9702. வாங்கியவனிடம் மூலப் படைப்பு என்று சான்றிதழ் நீட்டிய கடை, அரசாங்கத்திடம் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறது.

9702-க்குள் எது வரும் என்பதற்கு அந்த அத்தியாயத்தின் குறிப்பிலேயே விளக்கம் இருக்கிறது. ஓவியர் முழுக்கத் தன் கையாலேயே உருவாக்கிய ஒன்றோ பலவோ தகடுகளிலிருந்து நேரடியாக எடுத்த படியாக இருக்க வேண்டும். கறுப்பு வெள்ளையோ வண்ணமோ, எந்த முறையானாலும் எந்தப் பொருளானாலும் சரி. இயந்திர முறையிலோ, புகைப்படத்தைக் கொண்டு இயந்திரத்தில் செய்ததோ சேராது. கலை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதும் விஷயத்தை வரித்துறை ஒரு பத்தியில் முடித்துவிட்டது. 2025 செப்டம்பர் 22-இலிருந்து இந்தத் தலைப்புக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தும் இருக்கிறது.

ஆகவே வாங்குகிறவர்கள் பணத்தை எடுப்பதற்கு முன், "பில்லில் என்ன ஹெச்.எஸ்.என். போடுவீர்கள்?" என்று கேளுங்கள். 9702 என்று சொல்லி எழுதியும் கொடுத்தால், அவர் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார். மென்று விழுங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஓவியரிடமே நேரடியாக வாங்கினால் அவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமல் இருக்கலாம், அதில் குற்றமில்லை. அங்கே அவர் கைப்பட முறையை எழுதி வாங்கினால் போதும்.

சட்ட விளக்கம் காலத்துக்குக் கொஞ்சம் பின்னால் நிற்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1967-இல் வெளியிட்ட மர்லின் மன்றோ ஸ்கிரீன் பிரிண்ட் தொகுப்பு ஒரு விளம்பரப் புகைப்படத்திலிருந்து ஸ்கிரீன் செய்தது. பத்துப் படங்கள், 250 தொகுப்புகள். இந்த விளக்கத்தை அட்சரம் பிசகாமல் பிடித்தால் அது வாசலிலேயே நின்றுவிடும். ஆனால் அதைச் சுவரொட்டி என்று சொல்ல எவருக்கும் துணிச்சல் வராது. அச்சாக வருவதற்கென்றே அவர் அதைச் செய்தார். அதே மாதிரி, கம்ப்யூட்டரிலேயே படைக்கிற இளைஞர்கள் இன்று இருக்கிறார்கள். அவர்களுக்கு இங்க்ஜெட்தான் தகடு. அதை நான் குறை சொல்லவில்லை. ஏற்கெனவே கான்வாஸில் இருக்கும் ஓர் ஓவியத்தின் நகலை, நகல் என்று சொல்லாமல் விற்பதுதான் எனக்கு ஆகாதது. ஹுசைன், ரஸா போன்றவர்களின் ஓவியங்களை வைத்துத் தேர்ந்த கைகள் ஸ்கிரீனில் எடுத்து, அவர்களே கையெழுத்திட்ட செரிகிராஃப்களும் சந்தையில் உண்டு. இருபது முப்பது நிறம் தனித்தனியாக ஏற்றிய அபாரமான வேலை சில. ஓவியத்தைப் பார்த்து எடுத்தது என்று தெரிந்து, அதற்குத் தக்க விலை கொடுத்து வாங்குகிறவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

எண்ணிக்கை விஷயத்துக்கு வருகிறேன். படிகளுக்கு வரம்பு வந்ததற்குத் தொழில் காரணம் ஒன்று உண்டு. டிரைபாயிண்ட் என்ற முறையில் ஊசி செம்பைக் கிழிக்கும்போது கோட்டின் ஓரத்தில் பிசிறு எழும்பும். அந்தப் பிசிறில் தங்கும் மைதான் வெல்வெட் மாதிரியான கறுப்பைத் தரும். பிரஸ்ஸின் அழுத்தத்தில் பிசிறு சீக்கிரமே மழுங்கிவிடும். அப்புறம் எடுப்பதெல்லாம் வெளிறும். ரெம்பிராண்ட் 1669-இல் இறந்தார். அவருடைய செப்புத் தகடுகளில் பல கைமாறிப் போய், அடுத்த நூற்றாண்டிலும் பாரிஸில் அச்செடுத்து விற்றிருக்கிறார்கள். அவர் காலத்துப் படியையும் அந்தப் பிற்காலப் படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தகடு எவ்வளவு களைத்திருக்கிறது என்று தெரியும். அங்கே வரம்புக்கு அர்த்தம் உண்டு. இங்க்ஜெட் மெஷினுக்குக் களைப்பு ஏது? ஐந்நூறாவது படியும் முதல் படியும் அச்சு அசல் ஒன்றுதான். அதில் 500 என்று போடுவது விற்பனைக்காரர் போட்டுக்கொண்ட கணக்கு. ஐந்நூறும் முப்பத்தைந்தாயிரம் வீதம் போனால் ஒன்றேமுக்கால் கோடி என்பது மருமகன் போட்ட கணக்கு. போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

இன்னொரு தந்திரம், அதே படத்தை வேறு அளவில், வேறு காகிதத்தில் அடித்துப் புது எடிஷன் என்று மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவது. பெரியதில் 50, நடுத்தரத்தில் 200, சிறியதில் 500. வரம்பு எங்கே இருக்கிறது? ஏ.பி. என்று எழுதியிருந்தால் அது ஓவியர் தனக்கென்று வைத்துக்கொண்ட படி. வழக்கமாக மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். ஐம்பது படிக்கு இருபது ஏ.பி. என்று யாராவது சொன்னால் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிடுங்கள். 1/50 என்ற படிக்குக் கூடுதல் விலை கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஈரப் படிகளைக் காய வைத்து அடுக்கி, அப்புறம் உட்கார்ந்துதான் எண்ணும் கையெழுத்தும் போடுவார்கள். மேலே இருந்தது ஒன்றாம் நம்பர் ஆகியிருக்கும். பந்தியில் முதல் இலைக்காரருக்குத் தனிச் சாம்பாரா ஊற்றுகிறார்கள்?

கையெழுத்தைப் பற்றியும் ஒரு செய்தி. 1974-இல் அண்டோரா என்ற குட்டி நாட்டின் எல்லையில் பிரெஞ்சு சுங்கக்காரர்கள் ஒரு வண்டியை மறித்துப் பார்த்தபோது ஓவியர் சால்வடோர் டாலியின் கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள்கள் இருந்தன. 40,000 தாள். ஓவியம் இல்லை, கையெழுத்து மட்டும். பின்னால் அவற்றில் எவர் என்ன அடித்து விற்றாலும் பென்சில் கையெழுத்து அசல்தான். கையெழுத்தை மட்டும் பார்த்து வாங்கு என்கிறவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம்.

எண்ணும் கையெழுத்தும் இல்லாத அச்சு மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் போட்டு ஜெர்மன் தொழில்நுட்பத்தில் அடித்த லட்சுமியும் சரஸ்வதியும் கணக்கில்லாமல் பரவின. எவரும் நம்பர் போடவில்லை. செட்டிநாட்டு வீடுகளில் சிலர் அந்தப் படங்களுக்கு ஜரிகையும் சமிக்கியும் ஒட்டிச் சேலை கட்டிவிட்டார்கள். அப்படி அலங்கரித்த படங்களுக்குப் பழம்பொருள் சந்தையில் இன்று நல்ல கிராக்கி. எங்கள் பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டைய ராஜுவின் மீனாட்சி கல்யாணம் காலண்டராகப் போய்ச் சேராத வீடு இந்தப் பக்கம் குறைவு. அவை ஊருக்கெல்லாம் போய்ச் சேர வேண்டும் என்று அடித்தவை. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். போட்டோ நகலுக்கு 37/500 என்று எழுதுவதில் அது இல்லை.

லூப் எல்லார் வீட்டிலும் இருக்காதுதான். ஆனால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, முப்பத்தைந்தாயிரத்துக்கு முன் அது ஒரு செலவா? வைத்துப் பார்த்தால், ஆப்செட்டில் நாலு நிறப் புள்ளிகள் சேர்ந்து சின்னச் சின்னப் பூவாக வரிசை கட்டி நிற்கும். இங்க்ஜெட்டில் வரிசை இருக்காது, தூவியது மாதிரி இருக்கும். ஸ்கிரீன் பிரிண்டில் புள்ளியே தெரியாமல் மை தட்டையான படலமாகப் படிந்திருக்கும், ஓரத்தில் லேசான மேடு தட்டுப்படும். கல் அச்சில் கல்லின் மணிமணியான சொரசொரப்பு ஒழுங்கில்லாமல் தெரியும். எட்சிங்கில் லென்ஸே வேண்டாம். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் இருக்கும், கோடுகளில் மை மேலெழுந்து நிற்கும். கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் படத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள். கழற்ற மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

எழுதிக் கொடுக்கும் பழக்கம் உலகத்தில் இல்லாத ஒன்று அல்ல. கலிஃபோர்னியாவில் இதற்கென்று பல பத்தாண்டுகளாகவே சட்டம் இருக்கிறது. எந்த முறை, எத்தனை படி, எந்த ஆண்டு, ஓவியர் உயிரோடு இருந்தபோது எடுத்ததா, தகடு அழிக்கப்பட்டதா என்பதை விற்பவர் எழுதித் தர வேண்டும். அமெரிக்காவில் டாமரிண்ட் என்று கல் அச்சுக்கென்றே ஒரு பட்டறை உண்டு. ஜூன் வெய்ன் என்ற ஓவியர் 1960-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கினார். 1970-இல் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கிக்கு மாறியது. அங்கே அடிக்கும் ஒவ்வொரு எடிஷனுக்கும் என்ன காகிதம், எத்தனை படி, எத்தனை சோதனைப் படி, யார் அச்செடுத்தது, கல்லை எப்போது அழித்தார்கள் என்று பதிவுத்தாள் வைக்கிறார்கள். தேவகோட்டைக்காரரான ஆர்.எம். பழனியப்பன் 1991-இல் அங்கே போய்க் கல் அச்சுப் பயின்று வந்தார். நம் காலத்து அச்சோவியர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர். பறக்கும் மனிதன், விமானம், போர், வரைபடம், கணக்கு எல்லாம் கலந்து, ஏதோ ரகசியக் கோப்பிலிருந்து கிழித்த பக்கம் மாதிரி இருக்கும் அவர் எட்சிங். நம் ஊர்க்காரர் ஒருவரே இந்த ஒழுங்கைப் பார்த்துவிட்டு வந்திருக்கும்போது, சென்னையிலும் பெங்களூரிலும் விற்கிறவர்கள் அரைப் பக்கம் எழுதித்தரச் சோம்பல்படுவது ஏன்?

வாங்கிய பிறகு பாழாவது தனிக்கதை. எங்கள் ஊரில் ஒரு பிரேம் கடையில் என் எட்சிங் ஒன்றைக் கொடுத்தேன். திரும்பிப் போனால் சுற்றியிருந்த வெள்ளை ஓரம், தகட்டுத் தடம், எண் எல்லாம் போய், படம் மட்டும் ரெடிமேட் சட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. "சுத்தி வெறும் பேப்பரா வீணா கெடந்துச்சு அண்ணாச்சி, அதான் கட்டிங்ல விட்டுட்டேன்" என்றார். என்ன சொல்ல! நல்லவேளை, கையெழுத்து கொஞ்சம் படத்துக்குள்ளும் ஏறியிருந்ததால் பாதி தப்பியது. இப்போது நான் ஒரு தாளில் எழுதியே கொடுத்துவிடுகிறேன்: வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது, லேமினேட் செய்யக்கூடாது. ஹார்ட்போர்டு நேரடியாக முதுகில் படக்கூடாது, அதிலிருக்கும் அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கும். அமிலமில்லாத அட்டையில், மேல் விளிம்பில் மட்டும், மெல்லிய ஜப்பான் காகிதக் கீற்றைக் கோதுமை மாப் பசையால் தொட்டுத் தொங்கவிட வேண்டும். கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவில் அட்டை இடைவெளி வேண்டும். கடற்கரை ஊர்க்காரர்கள் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். மழைக்காலத்தில் சுவர் கக்கும் ஈரத்தில் காகிதத்தில் பழுப்புப் புள்ளி விழும், இராமபாணப் பூச்சிக்கும் கொண்டாட்டம்.

கோடிக்கணக்கில் புரளும் ஏலத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. முதலீடு என்று உங்கள் கட்டுரை திரும்பத் திரும்பச் சொன்னதும் எனக்கு ஒட்டவில்லை. நான் வாங்குவது பெரும்பாலும் மாணவர்களிடம். 1850-இல் தொடங்கிய சென்னைக் கவின் கலைக் கல்லூரியில், ஈ.வெ.ரா. பெரியார் சாலையில்தான் இருக்கிறது, அச்சுப் பட்டறைப் பக்கம் போனால் அமில வாடையும் மை வாடையுமாக எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். காட்சி வைக்கும் காலத்தில் போனால் எடுத்த பையனே, எடுத்த பெண்ணே பக்கத்தில் நிற்பார்கள். தகட்டைக் காட்டுங்கள் என்றால் முகமெல்லாம் மலர்ந்து எடுத்துவந்து காட்டுவார்கள். ஒரு நல்ல பட்டுச்சேலையின் விலைக்குக் கீழேயே நல்ல எட்சிங் வாங்கியிருக்கிறேன். பாதிப் பேர் எண் போடுவதற்கே மறந்திருப்பார்கள். பென்சிலை நீட்டிப் போடச் சொல்ல வேண்டியிருக்கும். மருமகனையும் போன தடவை அங்கே கூட்டிப் போனேன். லினோகட் ஒன்று வாங்கினான், பனங்காட்டில் ரயில் போகிற மாதிரி. 35 ஆயிரத்துப் படத்தைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அதையும் மாட்டித்தான் வைத்திருக்கிறான், பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. அந்தக் கட்டுரையோடு நாலு படங்கள் வெளியிட்டிருந்தீர்கள். நாலுக்கும் கீழே ஓவியர் பெயரும் விலையும் மட்டும் இருந்தன. அடுத்த முறை விலைக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடம் ஒதுக்குங்கள்: எந்த முறை, என்ன காகிதம், எத்தனை படி, எந்த ஆண்டு. காட்சிக்கூடங்கள் அனுப்பும் செய்திக்குறிப்பில் அது இல்லையென்றால் போன் செய்து கேளுங்கள். பத்திரிகையிலிருந்து கேட்டால் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆப்செட் அச்சக மேற்பார்வையாளர்,
சிவகாசி.